இன்னாசியின் தொப்பிக்குக் கஞ்சி போட்ட கதை

மேகம் தரையில் நடந்து போகிற உயரத்தில், இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் ஓர் ஏரியும் ஒரு மாதாகோவிலும் நாற்பத்தொரு சவாரிக் குதிரைகளும் இருக்கிற மேல்சோலை என்ற ஊரில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள், பவுலின் என்பவள் தன் புருஷனின் தொப்பியைத் துவைத்தாள். உலகத்தின் பெரிய காரியங்களில் பாதி, எதையாவது சுத்தம் செய்கிற ஆசையில்தான் தொடங்குகின்றன என்று பெரியவர்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்திருக்கலாம்.

அது சாதாரணத் தொப்பி அல்ல என்று ஆரம்பிப்பது கதை சொல்கிறவர்களின் வழக்கம். இன்னாசியின் தொப்பி மிகச் சாதாரணமானது. குளிர்காலத்தில் விற்பனைக்கு வரும் பழைய கம்பளிக் குவியலில், ஸ்வெட்டர்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததை அவன் கண்டெடுத்து, ஏரிக்கரையில் குதிரைச் சவாரி நடத்திய பதினோரு வருஷமும் அதையே வைத்திருந்தான். காய்ந்த புகையிலையின் நிறம். நூல் நூற்காமல், தறியில் நெய்யாமல், ஊசியால் பின்னாமல், ஆட்டு ரோமத்தை ஈரத்திலும் சூட்டிலும் வைத்து அழுத்தி அழுத்தியே துணியாக்கிய கம்பளி அது. ஓர் இழைக்கும் இன்னோர் இழைக்கும் நடுவே முடிச்சு எதுவும் கிடையாது, வெறும் நெருக்கத்தினால் சேர்ந்திருப்பவை. அப்படிச் சேர்ந்திருக்கும் எதையும் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கக் கூடாது. பவுலினுக்கு அது தெரியாது. பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன் வீட்டிலுள்ள கம்பளி அத்தனையையும் அண்டாவில் வேக வைத்து அலசுவது அந்த ஊரின் வழக்கம்; தொப்பி மட்டும் அவன் தலையைவிட்டு இறங்காமல் அத்தனை வருஷமும் தப்பித்திருந்தது. இந்தத் தடவை ஸ்வெட்டரும் மப்ளரும் குரங்குக் குல்லாவும் குதிரைக்குப் போர்த்துகிற கம்பளமும் போன வழியே தொப்பியும் போயிற்று, போய்த் திரும்பி வந்தபோது தண்ணீரில் ஊறின அப்பளத்தைப் போல இருந்தது.

மறுநாள் ஏரிக்கரையில், பட்டணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இன்னாசியோடும் அவனுடைய பெண்குதிரையோடும் நின்று படம் எடுத்துக்கொண்டது. குதிரையின் பெயர் மோட்டார். படம் எடுக்கிற நேரத்தில் தொப்பியின் விளிம்பு மெதுவாக இறங்கி இன்னாசியின் இரண்டு கண்களையும் மூடிற்று. அவன் தூக்கிவிட்டான், இறங்கிற்று. மறுபடி தூக்கிவிட்டான், மறுபடி இறங்கிற்று.

“ஏங்க குதிரைக்காரரே, குதிரைக்குத்தான கண்ண மறைப்பாங்க?” என்றாள் அந்தக் குடும்பத்தில் ஒருத்தி.

கரையில் இருந்த மற்ற நாற்பது குதிரைக்காரர்களும் சிரித்தார்கள். நல்ல பகடிதான், அதுதான் சங்கடம். மோசமான பகடி என்றால் மனிதன் அன்று சாயங்காலமே மறந்துவிடுவான்.

“தொப்பியத்தான துவைச்சேன், ஒன்னையவா துவைச்சேன்?” என்றாள் பவுலின், அவன் வீட்டுக்கு வந்து அதைத் தரையில் எறிந்தபோது.

“பதினோரு வருஷம் அது நிமிந்து நின்னுச்சு, நானும் நிமிந்து நின்னேன். இனி எவன் மதிப்பான்?”

“உள்ள தலைனு ஒண்ணு இருந்தா மதிப்பாங்க.”

இதைவிடக் கூர்மையான பதிலை அவளால் சொல்லியிருக்க முடியாது. இதைவிட மழுங்கலான எந்தப் பதிலும் அவனை வீட்டில் நிறுத்தியிருக்கும். இன்னாசி குனிந்து தங்கள் வீட்டு வாசல் நிலையைத் தாண்டி வெளியே போனான். குளிர் உள்ளே வராதிருக்கத் தாழ வைத்த நிலை. ஐந்தடி கூட இல்லை. நாலரை மணிப் பேருந்தில் ஏறி இருபத்திரண்டு வளைவும் இறங்கி, கைபேசியை அணைத்துவிட்டு, கீழே உள்ள பெரிய உலகத்துக்குள் போய்விட்டான். பவுலின் எடுத்து மாட்டின தொப்பி ஆணியில் தொங்கிற்று.

அவன் போனதில் பவுலினுக்குப் புருஷன் இல்லாமல் போனது ஒன்று. அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. ஏரிக்கரையில் குதிரை நிறுத்த ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட ஒரு பித்தளை வில்லை உண்டு. இன்னாசியினுடையது பதினேழு. ஆறு மாதம் ஊரில் இல்லாதவனின் வில்லை, காத்திருப்பவர்களில் அடுத்தவனுக்குப் போகும் என்பது குதிரைக்காரர் சங்கத்தின் விதி. வில்லை போனால் மோட்டார் கரைக்கு வர முடியாது. கரைக்கு வராத குதிரை கீழே ஏதாவது ஒரு செங்கல் சூளைக்குப் போகும். அதன்பிறகு இன்னாசி திரும்பி வந்தாலும் வருவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

சங்கத்தின் செயலாளர் சிக்கந்தர் பாய் இளகின மனசுக்காரர். விதியை மீறினால் மனசு இன்னும் இளகிவிடும் என்ற பயத்தினால் விதியை மீறாதவர். “பொரட்டாசி கடைசி வரைக்கும் பாக்குறேம்மா. அதுவரைக்கும் குதிரைய நீயே ஓட்டு” என்றார்.

ஆடி மாதத்தில், மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட ஒரு நாள், பவுலின் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் எட்டாத தூரத்தில் இருக்கும்போது, அவருடைய பொருளிடம் கேட்டுவிடுவதில் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஆவியின் மேல் தொப்பியைப் பிடித்து, நசுங்கின இடங்களை உள்ளிருந்து விரலால் தள்ளினாள். ஜவ்வரிசியைக் கண்ணாடியாகும்வரை காய்ச்சித் துணியில் வடிகட்டினாள்; பூச்சி அரிக்காதிருக்க வசம்பு உரசிச் சேர்த்தாள். சேலைக்குக் கஞ்சி போடத் தெரிந்தவளுக்குத் தொப்பி பெரிய காரியமில்லை. ஆனால் சேலையை விரித்துக் காயப்போடலாம். தொப்பிக்கு உள்ளே ஒரு தலை வேண்டும்.

குடத்தை வைத்துப் பார்த்தாள், பெருசு. செம்பை வைத்துப் பார்த்தாள், சிறுசு. எந்தப் பாத்திரமும் தேவைக்கு மேல் உருண்டையாக இருந்தது. மனிதத் தலை அப்படி உருண்டை இல்லை. அப்புறம் சந்தைக்குப் போனாள். அங்கே முட்டைக்கோஸ் குவியலுக்கு முன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒவ்வொரு கோஸாகத் தடவினாள். பதினாறு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் இன்னாசியின் தலையில் நல்லெண்ணெய் தேய்த்தவை அந்தக் கைகள். நெற்றியின் மேடும், காதுக்கு மேலே இருக்கிற பள்ளமும், சின்ன வயதில் ஒரு மட்டக்குதிரை உதைத்ததில் பிடரிக்கு மேல் கொஞ்சம் இடதாக எழும்பி நின்றுவிட்ட புடைப்பும் கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தேழாவது கோஸில் கை நின்றது. சாமி கும்பிடுகிறாள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டாராம்.

கோஸின் மேல் தொப்பியைப் போட்டு, உள்ளும் புறமும் மெல்லிசாக மூன்று தடவை கஞ்சி பூசி, தடவைக்கொரு நாள் அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தினாள். நான்காம் நாள் தட்டிப் பார்த்தால் ‘டக்’ என்றது. கோஸை எடுத்துப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டாள். அதற்கு முன் தொப்பியை ஒரு கையில் பிடித்தபடி, ஈரக் கையை முந்தானையில் துடைப்பதற்காக அதை விட்டபோது, தொப்பி கீழே விழாமல், பால் பொங்குகிற மாதிரி சாவதானமாக மேலே எழும்பி, தரையிலிருந்து ஐந்தடி ஆறு அங்குலத்தில் நின்றது.

அது இன்னாசியின் உயரம். பவுலின் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தொப்பிக்கு நேர் கீழே இருந்த முக்காலியை இழுத்து ஓரமாக வைத்தாள், கால் இடறாமல் இருக்கட்டும் என்று.

பக்கத்து வீட்டு லூர்தம்மாள் தயிர் உறை வாங்க வந்தாள். “கயிறு கட்டியிருக்கியாடி?”

“இல்லக்கா. அவராத்தான் நிக்கிறாரு.”

லூர்தம்மாள் தொப்பிக்கு மேலேயும் கீழேயும் கையை வீசிப் பார்த்தாள். “கஞ்சி என்ன பதம்?”

“ஜவ்வரிசி. கோஸ்ல கவுத்தி வச்சேன்.”

“கோஸ் எங்க?”

“பொரியல் பண்ணிட்டேன்.”

“ஏன்டி, அவன் தலையவா பொரிச்சுத் தின்ன?” என்று கேட்டுவிட்டு உறையை வாங்கிக்கொண்டு போனாள், ஊருக்குச் செய்தி போக வேறு ஏற்பாடு தேவைப்படவில்லை.

தொப்பி நின்றது மட்டுமல்ல, இருந்தது. மத்தியானம் அது இரண்டரை அடிக்கு இறங்கி, முன்னால் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது, எங்கேயோ இன்னாசி சாப்பிடுகிறான். சாயங்காலம் சுவரில் சாய்ந்தவனைப் போலப் பின்னால் சரிந்தது. பொழுது சாய்ந்ததும் தரைக்கு ஒரு சாண் மேலே இறங்கிப் பக்கவாட்டில் படுத்தது. பவுலின் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தது. வீட்டுக்குள் அது இடம் மாறவில்லை. ஏறுவது, இறங்குவது, சாய்வது, திரும்புவது இவ்வளவுதான். ஆனால் பிரிந்து போன ஒருவனைப் பற்றி ஒருத்திக்குத் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்: உயிரோடு இருக்கிறானா, வேளைக்குச் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதம் பின்வருமாறு. முதல் வாரம் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் சந்தையில் ஒரு குழப்பம் நடந்தது: பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிய தாய்மார்கள் கண்ணை மூடிக்கொண்டு கோஸ் குவியலைத் தடவ, கடைக்காரர் ‘கண்ணைத் திறந்து பார்த்து வாங்கவும்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். மேல்சோலையில் அந்த மாதம் கஞ்சி போட்டு விறைத்த குரங்குக் குல்லாக்கள் ஐம்பதுக்குக் குறையாது, ஒன்றும் எழும்பவில்லை. யாரும் வருத்தப்படவில்லை. பிள்ளையின் தலையை ஞாபகப்படுத்திக்கொள்ள அந்தப் பெற்ற வயிறுகளுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. வீடெங்கும் கோஸ் பொரியலும் கிடைத்தது. மூன்றாம் வாரத்திலிருந்து தொப்பி ஊரின் சொத்தாயிற்று. மாதாகோவில் கடிகாரம் நின்று போயிருந்ததால், “இன்னாசி எந்திரிச்சாச்சா?” என்று கேட்டுப் பால்காரர் புறப்பட்டார், அவன் சாப்பிட உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள்.

சிக்கந்தர் பாய் வருகைப் பதிவேட்டோடு வந்தார்.

“ஆள் எங்கம்மா?”

“நிக்கிறார்ல பாய்.”

பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் படித்தார். உறுப்பினர் ஊரில் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. உறுப்பினரில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று போடவில்லை. இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான் நல்ல சட்டங்கள் மூச்சு விடுகின்றன. “நிக்கிறவரைக்கும் ஆஜர்னு எழுதிக்கிறேன்” என்றார். “விழுந்துருச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“ராத்திரி படுத்துக்கிறாரே?”

“படுக்குறது வேற, விழுறது வேற. எனக்கு வித்தியாசம் தெரியும்மா.”

பங்குச் சாமியாரும் வந்தார். அது ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொப்பி மூன்றடிக்கு இறங்கி, முன்னால் நன்றாகக் கவிந்து, அரை மணி நேரம் அப்படியே இருந்தது. முழந்தாளிட்டிருக்கிறான் என்று சாமியார் கண்டார். கரையில் குதிரை ஓட்டின பதினோரு வருஷத்தில் குதிரைக்கு லாடம் பார்க்க மட்டுமே முழங்கால் மடக்கியவன் இப்போது கோவிலில் முழந்தாளிடுகிறான் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கமே வைத்தார்.

ஆனால் வாரநாட்களில் தொப்பி வேறு ஒன்றைச் செய்தது. காலை எட்டு மணியிலிருந்து அது நின்றபடியே முன்னால் குனிந்து நிமிரும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். மறுபடி குனிந்து நிமிரும். லூர்தம்மாள் ஒருநாள் செபமாலை மணியைத் தள்ளித் தள்ளி எண்ணிப் பார்த்து, மூன்று மாலை, அதாவது நூற்றைம்பது, முடிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“லாடம் பாக்குறான்” என்றார்கள் குதிரைக்காரர்கள். “கீழ பெரிய லாயமா இருக்கும்.”

“லாடம் பாக்குறப்ப இடது பக்கம் சாய்வாரு” என்றாள் பவுலின். “இது நேரா முன்னால.”

“அப்ப என்னதான் பண்றான்?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லச் சில நாள் ஆயிற்று. “கும்பிடு போடுறாரு. எங்கேயோ ஒரு பெரிய வாசல்ல நின்னு, வர்றவன் போறவனுக்கெல்லாம் கும்பிடு போடுறாரு.”

சிரித்த நாற்பது பேரில் ஏழெட்டுப் பேர் அந்த அடுப்பங்கரையில் இருந்தார்கள். தலை நிமிர முடியவில்லை என்று இந்த ஊரைவிட்டுப் போனவன், நாளுக்கு நூற்றைம்பது தடவை தலை குனிகிற வேலையில் சேர்ந்திருக்கிறான் என்பது அவர்களுக்குப் பகடியாகத் தோன்றவில்லை.

ஆவணியில் ஒருநாள் காலை, அடுப்பு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. மோட்டார் வெளியே கனைத்துக்கொண்டிருந்தது. தொப்பி குனிந்து, நிமிர்ந்து, குனிந்தது. பவுலின் ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தொப்பியின் முன் விளிம்புக்கு அடியில், தாடை இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு விரலைக் கொடுத்து நிறுத்தினாள்.

“போதும்” என்றாள்.

தொப்பி அழுத்திற்று; காற்று அழுத்துகிற மாதிரி இல்லை, ஒரு தலை அழுத்துகிற மாதிரி. அவள் விடவில்லை. இரண்டாம் தடவை அழுத்திற்று. மூன்றாம் தடவை பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அன்று முழுக்கத் தொப்பி ஒரு தடவையும் குனியவில்லை. சாயங்காலம் வழக்கத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லை. பத்து மணிக்கும் படுத்தே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமல் பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள்.

“வேலைய காலி பண்ணிட்டியேடி” என்றாள் லூர்தம்மாள்.

“நான் இங்க விரல் வச்சா அங்க படும்னு எனக்கென்னக்கா தெரியும்?”

“தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டியா?”

பவுலின் யோசித்தாள். “வச்சிருப்பேன்” என்றாள்.

அப்புறம் புரட்டாசி மழை வந்தது. அந்த உயரத்தில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கத்திலிருந்தும் வரும், சில நேரம் கீழிருந்தும் ஏறி வரும். உப்பு கசிந்தது, தீக்குச்சி எரிய மறுத்தது, கஞ்சி இளகிற்று. முதலில் தொப்பியின் வலது விளிம்பு தொங்கிற்று, அப்புறம் இடது. வேலை போன இன்னாசியோ எங்கேயோ தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தே இருந்தான்; ஆகவே எது அவனுடைய தொங்கல், எது கம்பளியின் தொங்கல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அரை அங்குலம் இறங்கிக்கொண்டே போயிற்று. பவுலின் அடுப்புச் சூட்டில் காட்டினாள். மறுபடி கஞ்சி பூசினாள். ஈரத்தின் மேல் ஈரம் ஒட்டவில்லை. தொப்பி தரையைத் தொட்டால் பாயின் பதிவேட்டில் பதினேழாம் எண் முடிந்தது; அதைவிட, அவன் சாப்பிட்டானா தூங்கினானா என்பதும் முடிந்தது. புரட்டாசி முடிய ஒன்பது நாள் இருந்தது.

சங்கம் அவள் வீட்டில் கூடியது. நாச்சியப்பன் ஆசாரியை அழைத்து வந்திருந்தார்கள். கதவு, நாற்காலி, சவப்பெட்டி என்று ஊரில் பளபளக்கிற மரம் எல்லாம் அவர் கைபட்டவை.

“இதுக்குப் போயி கஞ்சியா போடுவாங்க?” என்றார் ஆசாரி. “கஞ்சி நாலு நாள் சங்கதி. அரக்க ஸ்பிரிட்டுல கரைச்சு ரெண்டு கை அடிச்சா, மழை என்ன, ஏரியிலயே போட்டாலும் இளகாது.”

“முழுசா அடிச்சிருங்க ஆசாரி” என்றார் சிக்கந்தர் பாய். அவருக்கும் அந்த இரண்டு விரல் கதை தெரியும். “இந்தக் கம்பளி வளையாட்டி அந்தக் கழுத்தும் வளையாது. நம்ம ஊர்க்காரன் இனி ஒருத்தன் முன்னாலயும் குனியக் கூடாது.”

“ஆமா” என்றார்கள் குதிரைக்காரர்கள். சிரித்தவர்கள்தான் சத்தமாகச் சொன்னார்கள்.

ஆசாரி தூரிகையை நனைத்தார். பவுலின் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“முழுசா வேணாம்ண்ணே. விளிம்புக்கு மட்டும் அடிங்க, அதுவும் அடிப்பக்கம். மேல தலை இருக்குற எடம் இளக்கமாவே இருக்கட்டும்.”

“ஏம்மா? ஒரேயடியா நின்னுரும்.”

“ஒரேயடியா நின்னா எப்பிடி வீட்டுக்குள்ள வருவாரு?” அவள் வாசலைக் காட்டினாள். “நெலை அஞ்சடிகூட இல்ல.”

எல்லோரும் திரும்பி நிலையைப் பார்த்தார்கள். அந்த ஊரில் அத்தனை வீட்டு நிலையும் அந்த உயரம்தான். அங்கே நின்றிருந்த ஒவ்வொருவரும் அன்று உள்ளே வரும்போது குனிந்துதான் வந்திருந்தார்கள். நாளுக்கு இருபது தடவை குனிந்துகொண்டே, குனியக் கூடாது என்று தீர்மானம் போட்டதை யாரும் கவனிக்கவில்லை.

“மோட்டாருக்குக் காலு தூக்கிப் பாக்கணும்” என்றாள் பவுலின். “சனிக்கிழம என் முன்னால தலையக் குடுத்து உக்காரணும். அதுக்கெல்லாம் வளையணும்ல?”

ஆசாரி பாயைப் பார்த்தார். பாய் விதிப் புத்தகத்தைப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லாததால் ஆசாரியைப் பார்த்தார். “விளிம்புதான் மழைய வாங்குறது” என்றார் ஆசாரி மெதுவாக. “சரியாத்தான் சொல்லுது.” தொப்பி தன் தொங்கலில் இருக்க, அவர் மல்லாந்து படுத்து, கீழிருந்து, இரண்டு கை அரக்கு அடித்தார். அரக்குக்கு வெயில் தேவையில்லை. ஸ்பிரிட் பறந்துவிட்டால் போதும். விளக்கேற்றுகிற நேரத்தில் விளிம்பு நேராகிவிட்டது. அதைவிட முக்கியமானது அடுத்த நாள் விடிந்ததும் நடந்தது: தொப்பி ஐந்து மணிக்கு எழுந்தது, ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு ஏறிற்று, வெகு நாளாகப் பார்க்காத தூரத்தைப் பார்ப்பதுபோல முன் விளிம்பைச் சற்று மேலே தூக்கிற்று.

அதற்கப்புறம் ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. நிற்பான், நின்ற இடத்திலேயே நடப்பான், உட்காருவான். ஊர் பொறுமையாக இருக்க முயன்றது. புரட்டாசி கடைசி நாளுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தொப்பி உட்கார்ந்தது; உட்கார்ந்து, மெல்ல அதிர ஆரம்பித்தது.

“காய்ச்சலா?” என்றாள் லூர்தம்மாள்.

தொப்பி இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து, நிமிர்ந்து, வலது பக்கம் நன்றாகச் சாய்ந்தது. பிறந்ததிலிருந்து அந்த மலைப்பாதையில் வாந்தி எடுத்தே வளர்ந்த லூர்தம்மாளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. “ரெண்டாவது வளைவுடி” என்றாள்.

கால் மணி நேரத்தில் வீடு நிறைந்தது. நிற்க இடம் இல்லாதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். ஐந்து, ஆறு, ஏழு என்று கூட்டமாக எண்ணினார்கள். ஒன்பதாவது வளைவுக்கு அப்புறம் தொப்பி திடீரென்று ஒரு முழம் துள்ளி இறங்கியது. அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக மனு கொடுத்து வந்தவர் பெருமையோடு சுற்றிலும் பார்த்தார். பதினான்காவது வளைவில் அதிர்வு நின்றது. அங்கே ஒரு டீக்கடை உண்டு. அது எழுந்தது, இறங்கியது, நின்றது. முன்னால் இரண்டு தடவை சாய்ந்தது.

“டீ குடிக்கிறான்” என்றார் பாய்.

அப்புறம் அது அசையவில்லை. பேருந்து அங்கே பத்து நிமிஷம் நிற்கும். இருபது நிமிஷம் ஆயிற்று. பதினான்காவது வளைவில் கீழே போகிற பேருந்தும் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொப்பி மெதுவாக முகத்தைத் திருப்பிற்று, எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் இறக்கம் என்று அடுப்பங்கரையில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை. பவுலினின் கை தானாக உயர்ந்தது. இரண்டு விரல் விளிம்பை நோக்கிப் போய், தொடுவதற்கு ஒரு அங்குலத்தில் நின்றது. பிறகு அவள் கையை இறக்கி முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

தொப்பி உட்கார்ந்தது. அதிர்ந்தது. இடது பக்கம் சாய்ந்தது.

“பதினஞ்சு” என்றார் பாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இருபத்திரண்டையும் எண்ணி முடித்த பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் எல்லோரும் சும்மா நின்றார்கள். தொப்பி எழுந்து, அந்த இடத்திலேயே நடந்தது. பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற ஏற்றத்தில் மூச்சு வாங்கிற்று. வெளியே மோட்டார் கனைத்தது. கூட்டம் விலகி வாசலிலிருந்து அடுப்பங்கரை வரை வழி விட்டது. அப்போது தொப்பி, தன் மெத்தென்ற மேல்பாகத்தோடு, அரக்குப் பூசின நேரான விளிம்போடு, நன்றாகக் குனிந்தது; அதே நேரத்தில் நிலையடியில் இன்னாசி குனிந்து உள்ளே வந்தான்.

இரண்டும் ஒன்றாக நிமிர்ந்தன. இளைத்திருந்தான். தனக்கு எதிரே தன் உயரத்தில் நிற்கும் தொப்பியைப் பார்த்தான், சுற்றிலும் இருந்த ஊரைப் பார்த்தான்.

“என்ன, ஏதும் விசேஷமா?” என்றான்.

“எங்கடா இருந்த?” என்றார் பாய்.

“ஒரு பெரிய ஓட்டல் வாசல்ல, தலப்பா கட்டிக்கிட்டு. ஒருநாள் காலையில கழுத்து வளையல பாய். தாடைக்கு அடியில ரெண்டு விரல் வச்ச மாதிரி இருந்துச்சு. வைத்தியம் பாத்துட்டு வான்னு அனுப்பிட்டாங்க.” அவன் பவுலினைப் பார்க்காமலே சொன்னான். “வெரலுல பொக வாசன அடிச்சுச்சு.”

“ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனியேப்பா” என்றார் பங்குச் சாமியார், ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

“தோத்திரம் சாமி. ஞாயித்துக்கிழமை படிக்கட்டுத் தேய்க்கச் சொல்லுவாங்க.”

சாமியார் இதை ஒரு நிமிஷம் எடை போட்டார். “அதுவும் முழங்கால்தானே” என்றார். ஒரு பிரசங்கத்தைத் திரும்ப வாங்குவதைவிட அது சுலபம்.

இன்னாசி தொப்பியின் விளிம்பைத் தட்டினான். ‘டக்’ என்றது. “யாரு நிமித்துனது?”

“நான்தான்” என்றாள் பவுலின். “கோஸ் வச்சு.”

அவன் அதை இரண்டு கையாலும் காற்றிலிருந்து எடுத்தான். கொஞ்சம் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது, கிளையிலிருந்து பழத்தை எடுக்கிற அளவுக்கு. தலையில் வைத்தான். சிக்கந்தர் பாய் பதிவேட்டைத் திறந்து, ஆஜர் என்று எழுதின இடத்துக்குப் பக்கத்தில், முழுசாக, என்று சேர்த்தார்.

“இறுக்குது” என்றான் இன்னாசி.

“எங்க?”

“பின்னால.”

பவுலின் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினாள். எல்லாத் தொப்பியும் தொங்குகிற மாதிரி அது தொங்கிற்று, அன்றோடு ஊருக்கு மணி பார்க்க வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அவன் தலையில் வைத்தாள். அவன் தலையைத் தாழ்த்திக் கொடுத்தான். அவள் நெற்றி மேட்டைத் தடவினாள், காதுக்கு மேலிருந்த பள்ளத்தைத் தடவினாள், பிடரிக்கு மேலே கொஞ்சம் இடதாக வந்து நின்று, அங்கேயே ரொம்ப நேரம் இருந்தாள். ஊர் முழுக்க நின்று காத்துக்கொண்டிருந்தது.

“கோஸு சரியாத்தான் இருந்துருக்கு” என்றாள் கடைசியில், கண்ணைத் திறக்காமல். “தலைதான் ஆறு மாசமா எண்ணெயப் பாக்கல. நாளைக்குச் சனிக்கிழம.”